இருபத்துமூன்று பேரும் ஒரு கேமராவும்

என் பெயர் தனபாக்கியம். ஆந்திராவில், பிச்சாட்டூருக்குக் கிழக்கே, சின்னக்கண்டிகை ஆரம்பப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு இருக்கும் ஒரே டீச்சர் நான்தான். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில். பக்கத்து அறைகளில் தெலுங்குப் பிரிவு. இரண்டுக்கும் தலைமை ஆசிரியர் ஒருவரே, சுரேஷ்பாபு சார். நல்ல மனுஷர், ஆனால் காகிதத்தைக் கண்டால் பயப்படுவார். நான் அப்படி இல்லை. கோபம் வந்தால் எனக்குக் காகிதமும் ஒன்றுதான், கலெக்டரும் ஒன்றுதான். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஊரே சொல்கிறது.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் திருப்பதியில் இருக்கும் கல்வித்துறை மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தெலுங்கில் ஒன்றரைப் பக்கம். சாரம் இவ்வளவுதான்: தமிழ்ப் பிரிவில் இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, இருக்கிறவர்களைத் தெலுங்குப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். இருபது பேர் இருக்கிறார்களா என்று பார்க்க, வருகிற வியாழக்கிழமை பதினோரு மணி முதல் பதினொன்றரை வரை வகுப்பறையைக் கேமரா வழியாக நேரலையில் காட்டவேண்டும். பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் காட்டவேண்டும், போனில் காட்டினால் செல்லாது. போன வருஷம் எங்கோ ஒரு பள்ளியில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரே பிள்ளைகளை இரண்டு அறையில் காட்டிவிட்டார்களாம். கடைசி வரிதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. காட்டத் தவறினால் பிள்ளைகள் இல்லை என்றே கொள்ளப்படும்.

என் வகுப்பில் இருபத்துமூன்று பேர். மூக்கு ஒழுகிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு, உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை இல்லை என்று கொள்ள இவர்கள் யார்?

பத்தடி தள்ளி இருக்கும் அறைக்குப் போகப்போகிறார்கள், இதற்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீர்கள் என்று சிலர் என்னிடம் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். தெலுங்கு எனக்கு விரோதி இல்லை. என் மாமியார் வீட்டில் தெலுங்குதான். புத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு நான் சண்டை போடுவதும் தெலுங்கில்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் என்னையும் இப்படித்தான் ஒருநாள் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். கேள்வி கேட்டால் பதில் தெரியும், சொல்ல வார்த்தை வராது. ஒரு வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மக்கு என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நான் இவ்வளவு பேசுகிறேன் என்றால் அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். என் பிள்ளைகளில் ஒன்றுகூட அப்படி உட்காரக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கேமரா எங்கள் வகுப்பறையில் ஏற்கெனவே இருந்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் சாய்குமார் ஜூன் மாதம் மாட்டியது. அவன் என்னிடம் படித்தவன், இப்போது அவன் மகள் ஹர்ஷினி என்னிடம் நாலாவது படிக்கிறாள். மின்விசிறி திருட்டுப் போனதால் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். சுவர் மூலையில், உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. வைஃபையில் ஓடும், அதன் வழியாக இரண்டு பக்கமும் பேசவும் கேட்கவும் செய்யலாம். மாட்டிய அன்று தேங்காய் உடைத்து, சத்துணவு சமைக்கும் ஜெயம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சரியாகக் கேமராவின் கண்ணிலேயே வைத்தாள். அதைத் துடைத்தபிறகு சாய்குமார் தன் போனில் படத்தைக் காட்டினான், எல்லோரும் கை தட்டினோம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதற்கான ஆப்பைப் போட்டுத் திறந்துவைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதோடு சரி. போனில் படம் தெரிந்ததால் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

கடிதம் சொன்ன வியாழனுக்கு முந்தின செவ்வாய், ஆடிக் கிருத்திகை. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் திருத்தணி போகாத குடும்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். போனால் இரண்டு நாள், மூன்று நாள், அப்படியே சொந்தக்காரர் வீடு என்று இழுத்துக்கொண்டே போகும். நான் ஒவ்வொரு வீடாக ஏறி, புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் பிள்ளையோடு ஊருக்கு வந்துவிடவேண்டும் என்று சொன்னேன். பச்சையம்மாள் மட்டும் முறைத்தாள். பேரனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துக்கினு மூணு வருஷம் ஆகுது, அவசரப்படுத்தாதே என்றாள். முருகன் எப்போது போனாலும் பார்ப்பான், அந்த அதிகாரி அரை மணி நேரம்தான் பார்ப்பார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே இருபத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள். அதில் ஏழு மொட்டை. சந்தனம் பூசிய ஏழு தலையும் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. வந்தார்களே, அது போதும் என்று நிம்மதியாக இருந்தது.

பத்து இருபதுக்கு ஆபீஸுக்குப் போய் ஆப்பைத் திறந்தேன். கறுப்புத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைக்கிறேன், இணைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்ததே தவிர, இணைக்கவில்லை. வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். வகுப்புக்கு ஓடி, பெஞ்சின் மேல் ஏறி, ஜெயம்மா மறுபடியும் சந்தனம் வைத்திருக்கிறாளா என்று பார்த்து, முந்தானையால் ஒரு துடை துடைத்தேன். போனைத் திறந்தால் அதில் படம் பளிச்சென்று வந்தது. பெஞ்சின் மேல் நான் நிற்பது தெரிந்தது, கீழே இரண்டு மொட்டைகள் அடித்துக்கொள்வதும் தெரிந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் அதே கறுப்பு.

பள்ளிக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கத் திருப்பதியில் ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்களுக்குப் போன் செய்தேன். எடுத்த ஆள் பாதி கேட்டதுமே, ஃபயர்வால் தடுக்கிறது மேடம் என்றான். கம்ப்யூட்டருக்குள் வெளியாள் யாரும் நுழையாமல் நிற்கிற காவல் அது என்று விளக்கமும் சொன்னான். அப்படியென்றால் என் கேமராவை உள்ளே விடச் சொல்லு என்றேன். புகார் பதிவு செய்யுங்கள், மூன்று வேலை நாளில் ஆள் வரும், அதுவரை அதைத் தொடக்கூடாது, விதி அப்படி என்றான். எனக்கு இருப்பது இன்னும் அரை மணி நேரம் என்றேன். அவன் அதற்கும் விதியைத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற சுரேஷ்பாபு சார், விதி அப்படித்தான் என்று தலையாட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி.

சார் ஒரு யோசனை சொன்னார். தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி அனுப்பி, வேறு தேதி கேட்கலாம் என்றார். பாலசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் போன வருஷம் அப்படித்தான் எழுதினார்கள். பதில் வருவதற்கு முன்னால் தமிழ்ப் பிரிவின் பெஞ்சுகள் இடம் மாறிவிட்டன. அங்கே இருந்த டீச்சர் இப்போது வேறு பள்ளியில் சத்துணவுக் கணக்கு பார்க்கிறாள். அதைச் சாருக்கு நினைவுபடுத்தினேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாய்குமாரைப் பிடிக்கவேண்டும். ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். பத்தே முக்காலுக்கு டீக்குப் பத்து நிமிஷம் விடுவார்கள், அப்போது மட்டும் எடுப்பான். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகம். பத்தே முக்கால் அடித்த அடுத்த நிமிஷம் அவனைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"போன்ல வருது, கம்ப்யூட்டர்ல வரலைன்னா கேமரா மேல தப்பு இல்ல டீச்சர்" என்றான். "அது படத்த அனுப்பிக்கினுதான் கீது. கம்ப்யூட்டர்தான் உள்ள வுட மாட்டேங்குது. ஃபயர்வால தொறங்க, நான் சொல்றேன்."

திறந்தேன். உள்ளே போக அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அது சாரிடம்தான் இருந்தது, வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். கம்ப்யூட்டரின் நெற்றியிலோ வேறொரு காகிதம் ஒட்டியிருந்தது: ஃபயர்வாலைத் தொடக்கூடாது, மீறினால் நடவடிக்கை. சார் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தனபாக்கியம் காரு, இது என் தலைக்கு வரும்."

"என் தலைக்கு வரட்டும் சார். நோட்டுல எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன்."

உண்மையிலேயே எழுதினார். தேதி போட்டு, மணி போட்டு, தமிழ்ப் பிரிவு ஆசிரியை தன் சொந்தப் பொறுப்பில் மாற்றுகிறார் என்று தெலுங்கில் நாலு வரி. நான் எப்போதும்போல் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகும் அவர் பதிவேட்டை என்னிடம் தரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தனக்குத் தானே படிப்பதுபோல் பாஸ்வேர்டைப் படித்தார். ஏழுமலையான் பேரும், கூடவே ஒன்று இரண்டு மூன்றும். திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறென்ன வைப்பார்கள்? கேட்காமலே அடித்திருக்கலாம், இரண்டு நிமிஷம் மிச்சமாகியிருக்கும்.

சாய்குமார் சொல்லச் சொல்ல, இந்தக் கேமரா ஆப்பை உள்ளே விடு என்று ஒரு புது விதியை எழுதினேன். ஆப்பைத் திறந்தேன். கறுப்பு. வட்டம் சுற்றியது.

சாய்குமார் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, பட்டியலில் இன்னும் மேலே போய், அதே ஆப்பின் பெயர் வேறு எங்காவது வருகிறதா பாருங்கள் என்றான். நூற்றுக்கணக்கான பெயர்கள். எழுத்துகள் எறும்பு சைசில் இருந்தன. கண்ணாடியை ஏற்றி இறக்கி, விரலைத் திரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன். இரண்டு வரியில் அந்தப் பெயர் இருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு, ரோட்டில் நுழையாதே என்று வைப்பார்களே, அதேதான்.

"அதான் டீச்சர்" என்றான். "வுடுன்னு ஒண்ணும் வுடாதன்னு ஒண்ணும் இருந்தா, அது வுடாதன்னு சொன்னதத்தான் கேக்கும். மொத மொதல்ல ஆப்பத் தொறந்தப்ப, இத உள்ள வுடட்டுமான்னு ஒரு பொட்டி வந்துருக்கும். யாரோ கேன்சல அழுத்திக்கிறாங்க."

யாரோ இல்லை. நான்தான்.

ஜூன் மாதம் அவன் பஸ் பிடிக்க ஓடிய அடுத்த நிமிஷம் அந்தப் பெட்டி வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எங்களை எல்லாம் திருப்பதிக்கு வரவழைத்து, இணைய மோசடி பற்றி ஒரு நாள் வகுப்பு நடத்தியிருந்தார்கள். திரையில் எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிறகு விசாரியுங்கள் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டதோடு விட்டேனா? ஊருக்கு வந்து, மகளிர் குழுப் பெண்களை உட்கார வைத்து, பெட்டி கேட்டால் வேண்டாம் என்று பத்து தடவை சொல்ல வைத்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெட்டி வந்தபோது, என்ன கேட்கிறது என்று ஒரு வரி படிக்காமல், பெருமையாக வேண்டாம் என்று அழுத்தினேன். மறந்தும் போனேன். விசாரிக்கிற இரண்டாம் பாதியை நான் எப்போதுமே செய்வதில்லை, என் குணம் அப்படி. நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்கு நடத்தினவளும் நானே.

"சாய், அது நான்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அங்கே சங்கு ஊதியது. ரெண்டையும் டெலீட் பண்ணுங்க, ஆப்ப மூடித் தொறங்க என்று ஓடிக்கொண்டே சொன்னான். லாக்கர் கதவு சாத்தும் சத்தத்தோடு போன் நின்றது. மணி பத்து ஐம்பத்தைந்து.

இனி நானும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். முதல் வரியைத் தொட்டு நீக்கு என்று அழுத்தினேன். நிச்சயமாகத்தான் நீக்கவேண்டுமா, ஆமாமா, வேண்டாமா என்று கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் வேண்டாம் பக்கம்தான் போனது. சார் பின்னாலிருந்து, தப்பானதை அழித்துவிட்டால் மொத்தக் கம்ப்யூட்டரும் போய்விடுமே என்றார். எனக்கும் பயம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் ஐந்து வகுப்பும் போவதற்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் போகட்டும் என்று ஆமாம் அழுத்தினேன். இரண்டாவது வரிக்கும் ஆமாம். சிவப்பு வட்டம் இரண்டும் போய்விட்டன.

ஆப்பை மூடினால் மூடவில்லை. கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ஸ்விட்சை அணைத்துப் போடவேண்டியதாயிற்று. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் நின்றால் எழுந்திருக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதிலும் அன்றைக்கென்று பார்த்து ஏதோ புதுப்பிக்கிறேன் என்று நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்று ஐந்துக்கு மேலிடத்திலிருந்து சாருக்குப் போன் வந்தது. ஒரு நிமிஷம் மேடம், ஒரு நிமிஷம் மேடம் என்று அவர் நின்றபடியே கும்பிட்டார். பதினொன்று பத்துக்கு மறுபடியும். மூன்றாம் தடவை அடித்தபோது அவர் போனைச் சட்டைப் பையில் போட்டு அமுக்கிக்கொண்டார். காகிதத்துக்குப் பயப்படுகிற மனுஷர், எனக்காக அதைச் செய்தார்.

பதினொன்று பத்தொன்பதுக்கு ஆப்பைத் திறந்தேன். வட்டம் ஒரு தடவை சுற்றியது. படம் வந்தது.

நான் போட்ட கூச்சல் தெலுங்குப் பிரிவு வரைக்கும் கேட்டதாம். சார் அவசரமாக மேலிடத்தின் இணைப்பில் சேர்த்தார். திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரத்தில், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். ஸ்வர்ணலதா மேடம். திருப்பதி ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எங்கே என்றார் தெலுங்கில்.

அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். பெஞ்சுகள் இருந்தன. பைகள் இருந்தன. கரும்பலகையில் நான் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு இருந்தது. ஓர் ஈ காக்கை இல்லை.

திரும்பினேன். ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபத்துமூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் மொட்டைகள். டீச்சர் கத்தினால் அடி விழப்போகிறது, யாருக்கு என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

கிளாசுக்கு ஓடுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் ஜன்னல் காலியாயிற்று. திரையில் வகுப்பறைக் கதவு வழியாக ஒன்று வந்தது, இரண்டு வந்தது, பிறகு கொத்தாக வந்தார்கள், ஒருவன் வாசற்படியில் விழுந்து எழுந்து வந்தான். மேடம் எண்ணவே இல்லை. கையைத் தூக்கி நிறுத்தினார். காலி அறைக்குள் வெளியிலிருந்து பிள்ளைகளை ஓட்டிவிடுகிறீர்களே, எந்த வகுப்பிலிருந்து கடன் வாங்கினீர்கள் என்றார். இவர்கள் என் பிள்ளைகள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

கூப்பிட்டார். அவர் கையில் பட்டியலும் ஒவ்வொருவரின் போட்டோவும் இருந்தன. ஹர்ஷினி எழுந்து, "உள்ளேன் அம்மா" என்றாள். போட்டோவைப் பார்த்தார், சரி. யஸ்வந்த், சரி. ஷோபா, சரி. கோகுலகிருஷ்ணன் என்று கூப்பிட்டார். போட்டோவில் நெற்றியை மறைக்கும் சுருட்டை முடி. திரையில் சந்தனம் பூசிய மொட்டை எழுந்து நின்றது. இது வேறு பையன் என்றார். அடுத்த பெயர், அதுவும் மொட்டை. இதுவும் வேறு பையன். மூன்றாவது மொட்டை எழுந்தபோது பேனாவை மேசையில் வைத்துவிட்டார். பட்டியலில் மொட்டையே இல்லை, நீங்கள் ஏழு மொட்டையை உட்கார வைத்திருக்கிறீர்கள், இதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது என்றார்.

ஏழு போனால் பதினாறு. மணி பதினொன்று இருபத்தாறு.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சார் வேண்டாம் என்று குறுக்கே கையை நீட்டினார், தட்டிவிட்டேன். தெலுங்கில்தான் பேசினேன், நல்ல தெலுங்கு. மேடம், செவ்வாய்க்கிழமை ஆடிக் கிருத்திகை, இந்தப் பிள்ளைகள் திருத்தணியில் முடி கொடுத்துவிட்டு உங்களுக்காக நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள் என்றேன். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு மொட்டைத் தலையைப் பார்த்து நீ யார் என்று கேட்கலாமா என்றும் கேட்டேன். உங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போகும்போது போட்டோவில் இருப்பதுபோலவா போகிறார்கள், அவர்களை எல்லாம் இல்லை என்றா கொள்கிறீர்கள்?

சுரேஷ்பாபு சார் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அந்தச் சதுரம் அவ்வளவு சின்னது. பட்டியலை மறுபடியும் கையில் எடுத்தார்.

"கோகுலகிருஷ்ணா, மீ அம்ம பேரு ஏமி?"

"காஞ்சனா" என்றான் அவன், மொட்டையைச் சொறிந்துகொண்டே.

பட்டியலைப் பார்த்தார், டிக் போட்டார். அடுத்த மொட்டையைக் கேட்டார். அவன் அம்மா பெயரோடு அப்பா பெயர், ஆடு பெயர் எல்லாம் சொன்னான். ஏழு மொட்டைக்கும் ஏழு அம்மா சரியாக இருந்தார்கள். மீதிப் பெயர்களை வேகமாக வாசித்தார். உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கடைசிப் பெயருக்கு மணி பதினொன்று இருபத்தொன்பது.

"இரவை மூடு" என்றார் தெலுங்கில். இருபத்துமூன்று. சதுரம் மறைந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், அது பொய். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஜெயம்மா டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு காகிதம். ஒன்று, சின்னக்கண்டிகைத் தமிழ்ப் பிரிவு தொடர்ந்து நடக்கலாம் என்பது. இன்னொன்று எனக்கு மெமோ. அந்தத் திருப்பதிக் கம்பெனி மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் ஃபயர்வாலில் கை வைத்தது ஏன், உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

சுரேஷ்பாபு சார் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அவரே விளக்கத்தைத் தெலுங்கில் எழுதி வைத்திருந்தார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது. கையெழுத்துப் போட்டால் போதும், இதோடு விட்டுவிடுவார்கள் என்றார். என் நல்லதுக்குத்தான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தெரியாமல் செய்தது ஜூன் மாதம் கேன்சல் அழுத்தியது. அன்றைக்கு நான் செய்தது எல்லாம் தெரிந்து செய்தது. அவர் எழுதியதை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, வெள்ளைத்தாள் கேட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலில் தடுத்தது நானே என்பதையும் எழுதினேன், பாஸ்வேர்டை நான் கட்டாயப்படுத்தித்தான் வாங்கினேன் என்று சாரைக் காப்பாற்றியும் எழுதினேன். என் பிள்ளைகள் இல்லை என்று யாராவது எழுதவிருந்தால், அடுத்த தடவையும் கை வைப்பேன் என்று முடித்தேன். தமிழில் எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

சார் படித்துப் பார்க்க முடியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்ல எழுதினா அங்க யாரு சதுவுதாரு தனபாக்கியம் காரு? அந்த ஆபீஸ்ல தமிழ் படிக்க ஒருத்தரும் லேதே" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். தாளை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியை மட்டும் தெலுங்கில் சேர்த்தேன். இதைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், எங்கள் பள்ளியில் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள்.